டப்பாவில் அடைத்த மீன் தன் பெயரைச் சொல்லுமா?

கேள்வி இதுதான்: "டப்பாவில் வரும் சூரை மீன், உறைய வைத்த மீன் உருண்டை, நண்டுக் குச்சி எல்லாம் வீட்டில் வாங்குகிறோம். தலையும் இல்லை, தோலும் இல்லை, முள்ளும் இல்லை. அட்டையில் போட்டிருக்கிற மீன்தான் உள்ளே இருக்கிறதா என்று டி.என்.ஏ. சோதனையில் கண்டுபிடிக்க முடியுமா? வேகவைத்து, பொரித்து, டப்பாவில் அடைத்த பிறகு டி.என்.ஏ. மிஞ்சியிருக்குமா?"

மிஞ்சியிருக்கும். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எந்தப் பொருளுக்கு எந்தச் சோதனை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பொருந்தாத சோதனையைக் கேட்டு வாங்கினால் 'முடிவு கிடைக்கவில்லை' என்று ஒரு தாள் வரும். காசு போய்விடும், சந்தேகம் அப்படியே நிற்கும். கடலுணவு ஆய்வகத்தில் பல வருடம் இந்த வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொரித்தால் டி.என்.ஏ. கருகிப் போய்விடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்க நாங்கள் பயன்படுத்தும் பி.சி.ஆர். என்ற முறையே அதைச் சூடாக்கித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை கொதிக்க விடுகிறோம். இரட்டை இழை இரண்டாகப் பிரிகிறது. ஆற விட்டதும் நாம் போட்ட சின்னச் சின்ன 'தொடக்க இழைகள்' அதில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து புதுப் பிரதி வளர்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்று முடிவதற்குள் ஒரே ஒரு இழை 100 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிடும். கொதிநிலைக்குப் பக்கத்துச் சூட்டை இத்தனை முறை தாங்குகிற பொருள், சில நிமிடம் வாணலியில் கிடந்ததால் அழிந்துவிடாது. எண்ணெய் எவ்வளவு காய்ந்திருந்தாலும் மீன் துண்டின் நடுவில் ஈரம் இருக்கும் வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் பொரித்த மீனின் உள்சதையில் இருந்து நல்ல நீளமான டி.என்.ஏ. கிடைக்கும்.

உண்மையான சிக்கல் தகர டப்பா. சூரை மீன் டப்பாவுக்குள் போவதற்கு முன்பே ஒரு தடவை ஆவியில் வேகிறது. பிறகு தலை, முள், கருஞ்சதை எல்லாம் நீக்கி, எண்ணெயோ உப்புநீரோ ஊற்றி, மூடி, அழுத்தக் கலனில் ஏற்றுகிறார்கள். அங்கே 116 முதல் 121 டிகிரி வரையிலான சூட்டில் மறுபடி வேகிறது. கிருமி ஒன்றும் பிழைக்கக்கூடாது என்பதற்காகச் செய்வது. அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ஈரம், அழுத்தம், நீண்ட நேரச் சூடு மூன்றும் சேரும்போது டி.என்.ஏ. இழை அங்கங்கே அறுபடுகிறது. தக்காளிச் சாறு, வினிகர் போன்ற புளிப்பு இருந்தால் இன்னும் வேகமாக அறுபடும். டி.என்.ஏ. இழையில் வரிசையாகக் கோர்த்திருக்கும் அலகுகளை நாங்கள் 'எழுத்து' என்போம். கடைசியில் மிஞ்சுவது 100, 200, அதிகம் போனால் 300 எழுத்து நீளமுள்ள துணுக்குகள். நீளமான ஒரு துணியைக் கத்தரித்துத் துண்டு துண்டாகப் போட்டது மாதிரி. துணி அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் முழு வேட்டியாக எடுத்துக் காட்டு என்றால் முடியாது.

இந்தத் துண்டு நீளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

மீன் இனத்தைக் கண்டுபிடிக்க மொத்த டி.என்.ஏ.வையும் படிக்கத் தேவையில்லை. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு இருக்கிறது. அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. செல்லின் கருவில் உள்ள டி.என்.ஏ. இரண்டு பிரதிதான், மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். டப்பாவில் பெரும்பகுதி சிதைந்தாலும் சில பிரதிகளாவது தப்பும் என்பதால் நாங்கள் முதலில் தேடுவது அங்கேதான். 2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட்டும் அவர் குழுவும் ஒரு யோசனை சொன்னார்கள்: மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியை எல்லா விலங்குக்கும் பொது அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று. கடைப் பொட்டலத்தில் இருக்கும் கோட்டுக் குறியீடு போல என்பதால் 'டி.என்.ஏ. பார்கோடு' என்று பெயர் நிலைத்துவிட்டது.

மீனுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 207 இனங்களை வைத்துக் காட்டினார்கள். ஒரே இனத்து மீன்களுக்குள் இந்தப் பகுதியில் சராசரி வேறுபாடு 0.39 விழுக்காடு. ஒரே பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியை, சேர்ந்த வெவ்வேறு இனங்களுக்கு இடையில் சராசரி 9.93 விழுக்காடு. அதாவது அண்ணன் தம்பிக்குள் உள்ள வித்தியாசத்தைவிடப் பங்காளிகளுக்குள் உள்ள வித்தியாசம் சுமார் 25 மடங்கு. இந்த இடைவெளிதான் எங்கள் வேலைக்கு அடித்தளம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011 முதல் கடலுணவு இனம் காண இதே முறையைப் பின்பற்றுகிறது. இதற்கு முன்னால் புரதங்களை மின்புலத்தில் பிரித்துக் கோடு கோடாகப் பார்க்கும் முறைதான் வழக்கம். பச்சை மீனுக்கு அது நன்றாக வேலை செய்தது. வெந்த மீனில் புரதம் உருக்குலைந்து போவதால் அங்கே கைவிரித்துவிட்டது.

சரி, 650 எழுத்து வேண்டும். டப்பாவில் கிடைப்பதோ 200. என்ன செய்வது? அந்த 650க்குள்ளேயே வித்தியாசம் அதிகம் உள்ள ஒரு சின்னப் பகுதியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் படிக்கலாம். 'மினி பார்கோடு' என்று பெயர். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 44 பதப்படுத்திய மீன் பொருட்களை எடுத்து, 127 முதல் 314 எழுத்து வரையுள்ள ஆறு குட்டிப் பகுதிகளைச் சோதித்தார்கள். முழு நீளப் பார்கோடு 20.5 விழுக்காடு பொருட்களில்தான் பலித்தது. குட்டிப் பகுதிகளைச் சேர்த்துப் பயன்படுத்தியபோது 93.2 விழுக்காட்டில் விடை கிடைத்தது. அதே மீன்தான், அதே டப்பாதான். படிக்க எடுத்த துண்டின் நீளம்தான் வேறு. 'டப்பா மீனில் டி.என்.ஏ. சோதனை பலிக்காது' என்று யாராவது சொன்னால், எத்தனை எழுத்துக்குப் பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

நீங்கள் குறிப்பாகச் சூரை மீனைக் கேட்டிருப்பதால் அதைக் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். இது எளிதான மீன் இல்லை. டப்பாவில் உலகம் முழுக்க அதிகம் அடைக்கப்படுவது வரிச்சூரை. அதைவிட மஞ்சள் துடுப்புச் சூரை விலை கூடியது. வெண்மையான சதையுள்ள அல்பக்கோர் தனி மதிப்புள்ளது. அமெரிக்காவில் 'வெள்ளைச் சூரை' என்று டப்பாவில் போட வேண்டுமானால் உள்ளே அல்பக்கோர் மட்டும்தான் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 1992ஆம் ஆண்டு முதலே ஒரு விதி இருக்கிறது: ஒரே டப்பாவுக்குள் வெவ்வேறு சூரை இனங்களைக் கலக்கக்கூடாது. ஆக, இரண்டு இனம் கண்டுபிடிக்கப்பட்டால் அதுவே குற்றம். எது எவ்வளவு என்று நிறுக்கக்கூடத் தேவையில்லை.

வரிச்சூரை வேறு பேரினம். அதை மற்றவற்றிலிருந்து பிரிப்பது சுலபம், குட்டித் துணுக்கே போதும். ஆனால் மஞ்சள் துடுப்பு, பெருங்கண், அல்பக்கோர், நீலத்துடுப்பு எல்லாம் ஒரே பேரினத்து உடன்பிறப்புகள். பரிணாமக் கணக்கில் மிகச் சமீபத்தில் பிரிந்தவை. மற்ற மீன்களுக்கு நான் சொன்ன அந்த 25 மடங்கு இடைவெளி இங்கே கிடையாது. 650 எழுத்தில் ஒரு சில எழுத்துதான் மாறும். அந்த மாறும் எழுத்துகள் நீங்கள் தேர்ந்த குட்டித் துணுக்குக்கு வெளியே விழுந்துவிட்டால், மஞ்சள் துடுப்பும் பெருங்கண்ணும் ஒன்றாகவே தெரியும். அதனால் சூரைக்கு மட்டும் மைட்டோகாண்ட்ரியாவில் இன்னும் வேகமாக மாறும் 'கட்டுப்பாட்டுப் பகுதி'யைப் படிக்கிறோம்.

அப்புறம் இன்னொரு சிக்கலும் உண்டு. பழங்காலத்தில் எப்போதோ நடந்த கலப்பினால் சில நீலத்துடுப்புச் சூரைகளின் உடம்பில் அல்பக்கோரின் மைட்டோகாண்ட்ரியாவை ஒத்த மைட்டோகாண்ட்ரியா ஓடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்தால் அந்த மீன் அல்பக்கோர் என்றே சொல்லும். சந்தேகம் வந்தால் செல்லின் கருவில் உள்ள ஒரு மரபணுப் பகுதியையும் சேர்த்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வியாபாரியின் பிழைப்பு அந்தத் தாளில் இருக்கிறது. ஒரே ஒரு மரபணுவை நம்பி 'இது போலி' என்று எழுதிவிட எனக்கு எப்போதும் மனம் வந்ததில்லை.

மாசிக் கருவாடு பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் வரிச்சூரையை அவித்து, புகை போட்டு, வெயிலில் கட்டையாகக் காயவைத்துச் செய்வது. இலங்கைச் சமையலில் அது இல்லாத சம்பலே இல்லை என்று சொல்லலாம். மற்ற சூரைகளிலும் மாசி போடுவதுண்டு; காய்ந்த பிறகு கண்ணால் பிரிப்பது கடினம். ஆனால் ஆய்வகத்துக்கு மாசி, டப்பாவைவிட எவ்வளவோ இணக்கமான பொருள். தண்ணீர் வற்றினால் டி.என்.ஏ. சிதைவதும் வெகுவாகக் குறைந்துபோகும். கருவாடு, உப்புக்கண்டம், புகை போட்ட மீன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காயவைப்பதற்கு முன் மீன் வெகுநேரம் அழுகக் கிடந்திருந்தால்தான் சிக்கல்.

இனி மீன் உருண்டைக்கும் நண்டுக் குச்சிக்கும் வருவோம். நண்டுக் குச்சி என்ற பெயரைப் பார்த்து நண்டு என்று வாங்குகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அது மீன். வெள்ளைச் சதை மீனை அரைத்து, குளிர்ந்த தண்ணீரில் பலமுறை அலசி, நிறமும் வாடையும் போன பிறகு கிடைக்கும் பசைக்குச் சுரிமி என்று பெயர். அதில் மாவுச்சத்து, முட்டை வெள்ளைக்கரு, நண்டு மணம், சிவப்புச் சாயம் சேர்த்து இழை இழையாக உருட்டினால் நண்டுக் குச்சி. உலகச் சந்தையில் சுரிமிக்கு முதன்மையான மீன் அலாஸ்கா பொல்லாக். நம் நாட்டிலும் சுரிமி ஆலைகள் உண்டு. அவை அதிகம் எடுப்பது சங்கரா வகை மீன்களை. மீன் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு 'இது நண்டுதானே' என்று கொடுத்துவிடுகிற ஆபத்து இருக்கிறது என்பதால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதற்கு ஆய்வகம் தேவையில்லை.

இந்தப் பசையில் ஒரே மீன் இருந்தால் பிரச்சினை இல்லை. மூன்று நான்கு மீன் கலந்திருந்தால் வழக்கமான எழுத்துவரிசை வாசிப்பு குழம்பிவிடும். அந்த முறை ஒரு நேரத்தில் ஒரு வரிசையைத்தான் படிக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு கதையைச் சத்தமாகப் படித்தால் காதில் எப்படி விழும், அப்படித்தான் எங்கள் திரையில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இப்போது இதற்குப் புதிய தலைமுறை இயந்திரங்கள் வந்துவிட்டன. லட்சக்கணக்கான துணுக்குகளைத் தனித்தனியே படித்து, ஒவ்வொன்றும் எந்த இனம் என்று பிரித்துக் கொடுக்கின்றன. செலவு அதிகம். ஆனால் உருண்டை, அப்பளம், மசியல் போன்றவற்றுக்கு இதுதான் நம்பகமான வழி.

இதில் ஒரு எச்சரிக்கை. 'வஞ்சிரம் 70 விழுக்காடு, மற்றது 30 விழுக்காடு' என்று அளவு சொல்லி வரும் அறிக்கையை அப்படியே நம்பாதீர்கள். ஒரு மீனின் சதையில் மைட்டோகாண்ட்ரியா அதிகம் இருக்கும், இன்னொன்றில் குறைவு. தொடக்க இழைகள் ஒரு மீனில் நன்றாக ஒட்டும், இன்னொன்றில் சுமாராக ஒட்டும். துணுக்குகளின் எண்ணிக்கை சதையின் எடை ஆகாது. அதே போல ஆலையில் முந்தைய நாள் வேறு மீன் வெட்டிய கத்தியிலிருந்து ஒட்டிய துளிகூட இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். அந்தத் துளியை வைத்து 'கலப்படம்' என்று குற்றம் சாட்டுவது அநியாயம்.

'இதெல்லாம் விலை விவகாரம்தானே, எந்த மீனாக இருந்தால் என்ன' என்று கேட்பவர்களுக்கு நான் சிகாகோவில் நடந்ததைச் சொல்வேன். 2007இல் அங்கே கடையில் மீன் வாங்கி வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு நஞ்சேறியது. விற்ற கடைக்காரரும், கலிபோர்னியாவில் இருந்து அனுப்பிய இறக்குமதியாளரும் அது 'மாங்க்ஃபிஷ்' என்ற, சாப்பிடத் தகுந்த வேறொரு கடல் மீன் என்றே சாதித்தார்கள். மரபணுச் சோதனை அது பேத்தை மீன் குடும்பம் என்று காட்டியது. மிஞ்சிய சாப்பாட்டிலும், அதே சரக்கில் இருந்த மற்ற மீன்களிலும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு நிறைய இருந்தது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு அது. மூன்று மாநிலங்களுக்குப் போயிருந்த சரக்கு திரும்பப் பெறப்பட்டது. பேத்தையை முழுசாகப் பார்த்தால் நம் கடற்கரைச் சிறுவன்கூடச் சொல்லிவிடுவான். தலை போய், தோல் போய், உறைந்து வரும்போது அந்த அறிவுக்கு அங்கே வேலையில்லை. மரபணு ஒன்றுதான் மிச்சம்.

எஸ்கொலார் என்ற மீனும் அப்படித்தான். சதை வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் அதிலுள்ள கொழுப்பு மெழுகு வகை. நம் குடலால் செரிக்க முடியாது, எண்ணெயாகவே வயிற்றுப்போக்கில் வெளியேறும். ஜப்பானிலும் இத்தாலியிலும் இதை விற்கத் தடை. ஓஷியானா என்ற அமைப்பு 2010 முதல் 2012 வரை அமெரிக்காவில் 1,215 மாதிரிகளைச் சோதித்து 2013இல் அறிக்கை விட்டது. 'வெள்ளைச் சூரை' என்று விற்கப்பட்ட மாதிரிகளில் 84 விழுக்காடு எஸ்கொலார். மொத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெயர் தவறு. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு 'உலகில் விற்கும் மீனில் மூன்றில் ஒன்று போலி' என்று பேசுகிறார்கள், அது நியாயமில்லை. அடிக்கடி ஏமாற்று நடக்கும் மீன்களாகப் பார்த்து மாதிரி எடுத்தால் எண் ஏறத்தான் செய்யும். டப்ளினில் காட், ஹேடக் மீன்களை மட்டும் எடுத்து 2010இல் செய்த ஆய்வில் 156இல் 39 தவறாக இருந்தன, அதாவது கால் பங்கு. அதன்பின் ஐரோப்பாவில் ஆறு நாடுகள், 19 நகரங்களில் 1,563 மாதிரிகள் எடுத்து 2015இல் வெளியிட்டார்கள்; தவறு சுமார் 5 விழுக்காடுதான். இடையில் ஊடகங்கள் விடாமல் எழுதின, விதிகள் இறுகின, ஆய்வகங்கள் திரும்பத் திரும்பச் சோதித்தன. சோதிக்கிறார்கள் என்று தெரிந்தாலே சந்தை ஓரளவு திருந்தும் என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

பதப்படுத்திய கடலுணவில் மரபணுச் சோதனை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு ஹோட்டல் அறை. 1993இல் ஸ்டீபன் பலும்பி, ஸ்காட் பேக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜப்பானில் விற்கும் திமிங்கில இறைச்சியைச் சோதிக்க விரும்பினார்கள். ஆனால் பாதுகாக்கப்பட்ட விலங்கின் சதையை அனுமதியின்றி நாடு கடத்த முடியாது. அதனால் பி.சி.ஆர். கருவியையே பெட்டியில் எடுத்துக்கொண்டு போய், ஹோட்டல் அறையில் வைத்து, சந்தையில் வாங்கிய சதையிலிருந்து டி.என்.ஏ.வைப் பெருக்கினார்கள். பெருக்கிய பிரதிகள் ஆய்வகத்தில் உருவானவை, விலங்கின் உடல் பாகம் அல்ல. அவற்றை மட்டும் ஊருக்குக் கொண்டுபோய்ப் படித்தார்கள். சட்டப்படி அங்கே விற்க வேண்டியது ஆராய்ச்சி என்ற பெயரில் பிடித்த மிங்கி திமிங்கிலம். கிடைத்ததோ ஃபின் திமிங்கிலம், கூனல் திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்) எல்லாம். 1994இல் 'சயன்ஸ்' இதழில் அது வெளியானது. இன்று ஏற்றுமதிச் சரக்குகளில் சுறாத் துடுப்பைச் சோதிப்பது இந்தப் பாதையில் வந்ததுதான். உலர்த்தி, தோலுரித்து, வெளுத்த துடுப்பில் கொம்பன் சுறாவைக் கண்ணால் பிரிக்க முடியாது. 100 எழுத்துக்குச் சற்று மேலான துணுக்கு பிரித்துவிடும்.

நம் மன்னார் வளைகுடாவில் இதற்கு நேரடித் தேவை இருக்கிறது: கடல் அட்டை. இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பதே குற்றம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். அட்டையைக் குடல் நீக்கி, அவித்து, காயவைத்தால் சுருங்கிக் கரிக்கட்டை போல ஆகிவிடும். எந்த இனம் என்று பார்வையில் சொல்வது கடினம். அங்கே 16எஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் படிக்கிறோம். கூடவே தோலில் புதைந்திருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறையும் உண்டு. அவித்தாலும் அந்தத் துகள்களின் வடிவம் போவதில்லை. இரண்டும் ஒத்துப்போனால் நீதிமன்றத்தில் அசைக்க முடியாது.

எந்தத் துணுக்கைப் படித்தாலும் கடைசியில் அதை ஒப்பிட ஒரு களஞ்சியம் வேண்டும். அதில்தான் பலர் கவனம் செலுத்துவதில்லை. உலகப் பொதுக் களஞ்சியங்களில் யார் வேண்டுமானாலும் வரிசைகளைச் சேர்க்கலாம்; தவறாக இனம் கண்ட மீனின் வரிசை தவறான பெயரோடு உள்ளே போனால், அதற்குப் பின் சோதிக்கும் எல்லோருக்கும் அந்தத் தவறு தொற்றும். குவெல்ஃபில் இருக்கும் 'போல்ட்' என்ற பார்கோடு களஞ்சியத்தில் மீனின் உடலைப் பாதுகாத்து வைத்த இடம், படம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிகிறார்கள். சந்தேகம் வந்தால் திரும்பிப் போய் அந்த மீனையே பார்க்கலாம். இந்தியக் கடல் மீன்களில் 115 இனங்களின் பார்கோடுகளை நம் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டது எங்களுக்குப் பெரிய உதவி. அதற்கு முன் நம் கடல் மீனுக்கு எங்கோ தூரதேசத்து உறவினரைத்தான் 'நெருங்கிய ஒற்றுமை' என்று கணினி காட்டும்.

பெயரும் ஒரு தலைவலி. வஞ்சிரம், நெய்மீன், அறக்குளா என்று ஊருக்கு ஊர் ஒரே மீனுக்குப் பல பெயர். சங்கரா என்ற ஒரே பெயரிலோ இரண்டு வெவ்வேறு குடும்பத்து மீன்கள் விற்கின்றன. 'சங்கரா' என்று போட்ட பொட்டலத்தில் இரண்டில் எது இருந்தாலும் விற்றவர் பொய் சொல்லவில்லை. வெறும் 'மீன்' என்று மட்டும் போட்டிருந்தால் ஆய்வகம் இனத்தைச் சொல்லலாம், ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் உறைந்த, உலர்ந்த, புகை போட்ட மீன்களுக்கு அறிவியல் பெயரையும் அட்டையில் போட வேண்டும் என்று 2013 விதி சொல்கிறது. நம் நாட்டிலும் அப்படி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மீனவர் பிடித்த நல்ல மீனுக்கு உரிய விலை கிடைக்க அதுவும் ஒரு வழி.

இந்தச் சோதனையால் முடியாதவையும் உண்டு. வளர்ப்பு மீனா கடல் மீனா, எந்தக் கடலில் பிடித்தது, எத்தனை நாள் பழையது என்று பார்கோடு சொல்லாது. ஃபார்மலின் போட்டதா என்பதற்கு வேறு சோதனை; ஃபார்மலின் டி.என்.ஏ.வையும் கெடுக்கும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வருவதால் கலப்பின மீனில் தாயின் பெயர்தான் தெரியும். மலேசியாவில் புலிக் களவாத் தாய்க்கும் ராட்சதக் களவாத் தந்தைக்கும் உருவாக்கிய கலப்பினம் பரவலாக வளர்க்கப்படுகிறது. பார்கோடு அதைச் சுத்தமான புலிக் களவா என்றே காட்டும். நன்கு சுத்திகரித்த மீன் எண்ணெயில் படிப்பதற்கு டி.என்.ஏ.வே அநேகமாக இருக்காது. மசாலா தூக்கலாக உள்ள பொருளில் சில வேதிப்பொருட்கள் பி.சி.ஆரையே தடுத்துவிடும், அங்கே 'ஒன்றும் தெரியவில்லை' என்பது 'மீன் இல்லை' என்று ஆகாது.

நீங்களே சோதிக்கக் கொடுக்க விரும்பினால் டப்பாவைத் திறக்காமல் அப்படியே கொடுங்கள். உருண்டை, குச்சி என்றால் உறைந்த நிலையிலேயே பனிக்கட்டியோடு அனுப்புங்கள். உறைய வைக்க வசதி இல்லையென்றால் உள்சதையில் திராட்சை அளவு எடுத்து, சுத்தமான குப்பியில் எத்தனாலில் போடலாம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி சாதாரண வாடிக்கையாளரும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். 14 நாளில் அறிக்கை வர வேண்டும், குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆய்வகத்தில் இனம் காணும் டி.என்.ஏ. சோதனை உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் மீனின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். எந்த மரபணு, எத்தனை எழுத்து படிக்கப்பட்டது, எந்தக் களஞ்சியத்தோடு எத்தனை விழுக்காடு ஒத்தது, அடுத்த நெருங்கிய இனம் எது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். டப்பாச் சூரைக்கு 650 எழுத்து படித்ததாக எழுதியிருந்தாலோ, 98 விழுக்காட்டுக்குக் குறைவான ஒற்றுமையை வைத்து இனத்தை உறுதியாகச் சொல்லியிருந்தாலோ, தொலைபேசியை எடுத்து விளக்கம் கேளுங்கள்.